அளவுக்கு நின்ற பாக்யராஜ்

பாக்யராஜ் தன் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே பெரியது ஐந்து அங்குலம். சின்னச் சின்னதாக இன்னும் சில இருந்தன. வேன் ஓட்டுகிறவனுக்கு அவை இல்லாமல் பிழைப்பு நடக்காது. இதோ மடுகரை தாண்டிவிட்டேன் என்று போனில் சொல்லும்போது வீட்டில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருப்பான். அதையெல்லாம் ஊரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த ஐந்து அங்குலம் மட்டும் நேராகப் போய் அவன் கல்யாணப் பேச்சில் உட்கார்ந்துகொண்டது.

பெண் பார்த்துச் சொன்னவர் அவர்கள் மாதா கோயில் உபதேசியார். பையனுக்கு வயசென்ன, வேலையென்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் உயரம் எவ்வளவு என்றும் கேட்டார். ஐந்தடி இரண்டு என்பது உண்மை. பாக்யராஜ் ஐந்தடி ஏழு என்றான். நாக்கு தானாகப் புரண்டது என்று பிற்பாடு அவனே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். உபதேசியாருக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் பாக்யராஜை எப்போதும் வேனின் டிரைவர் சீட்டில் பார்த்துப் பழகியவர். அங்கே ஏறி உட்கார்ந்தால் யாருமே உயரம்தான்.

பெண் ரோஸ்லின். ஒதியம்பட்டுக்காரி. வில்லியனூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் முன்மேஜையில் உட்கார்ந்து பெயர் பதிகிற வேலை. பெண் பார்க்கிற சடங்கை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வில்லியனூர் கோயில் வளாகத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தார்கள். பாக்யராஜ் முதல் ஆளாகப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். கணுக்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தான். வேன் படியில் கால் பிசகிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை, மன்னிக்கணும் என்று உட்கார்ந்தபடியே எல்லோரையும் கும்பிட்டான். பெண்ணின் அப்பா பதறிப்போய் நீங்கள் அசையவே வேண்டாம் தம்பி என்றார். ரோஸ்லின் டீ கொண்டுவந்து நீட்டியபோது எந்தக் கால் என்று மட்டும் கேட்டாள். வலது என்றான். கட்டு இடது காலில் இருந்தது. அவள் காலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவ்வளவுதான், பாக்யராஜ் விழுந்துவிட்டான். அந்தச் சர்க்கரை போதுமாவிலேயே விழுந்துவிட்டான். தினமும் போனில் பேசினார்கள். அவள் சிரிக்கும்போது போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு சிரிப்பாள், அது அவனுக்குப் பிடித்திருந்தது. இந்தப் பெண் கிடைக்காமல் போனால் தான் உருப்படாமல் போய்விடுவோம் என்று உண்மையாகவே நம்பினான். நிச்சயதார்த்தம் ரோஸ்லின் வீட்டில் என்று முடிவானதும் பாண்டிக்குப் போய், அடியில் மூன்று விரல் கனத்துக்குக் கட்டை வைத்த ஷூ ஒன்று வாங்கிவந்தான். தலைமுடியைக் கொஞ்சம் மேலே தூக்கி வாரிக்கொண்டால் நிச்சயத்தை ஓட்டிவிடலாம். அப்புறம் தாலி கட்டியாகிவிட்டால் டேப்பைத் தூக்கிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்?

டேப்பைத் தூக்கிக்கொண்டு இருபது பேர் வந்தார்கள்.

சென்னையில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரி. அதன் மூன்றாம் வருடப் பிள்ளைகள் கிராமத்துக் கட்டடங்களைப் படிக்க வந்தார்கள். பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கி, வில்லியனூர், நெட்டப்பாக்கம், பண்டசோழநல்லூர் என்று சுற்றிப் பழைய பள்ளிக்கூடம், ஓட்டு வீடு, நெல் குடோன், மதகு எல்லாவற்றையும் படமெடுத்து வரைந்துகொண்டு போக வேண்டும். வேன் பாக்யராஜுடையது. நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் கிடைத்த சவாரி என்பதால் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டான்.

அவர்களை அழைத்து வந்தவர் மகாலட்சுமி மேடம். பேராசிரியை. தொப்பி போட்டிருப்பார், வெயிலை லட்சியம் செய்யமாட்டார், எந்தச் சுவரைப் பார்த்தாலும் தட்டிப் பார்ப்பார். அவருடைய ஏற்பாடு இது: எல்லோரும் எடுக்கிற படங்கள் இணையத்தில் ஒரே பொது ஆல்பத்தில் அன்றன்றே ஏற வேண்டும். லிங்க் வைத்திருக்கிற யாரும் பார்க்கலாம், படம் சேர்க்கலாம், கீழே எழுதலாம். ஊர் திரும்பியபின் அதை வைத்துத்தான் வரைபடம், அதற்குத்தான் மார்க். ஆல்பத்தைக் கட்டி மேய்க்கிற பொறுப்பு அர்ச்சனாவுக்கு. நல்ல கேமரா வைத்திருந்தவன் அரிகரன், சித்தப்பாவிடம் கெஞ்சி வாங்கி வந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் ஆல்பத்தில் ஏறியவை பரோட்டா, பரோட்டாவின் அருகே சால்னா, வேனுக்கு அடியில் தூங்கிய நாய். மேடம் அவற்றைப் பார்த்துவிட்டு, நாய் மட்டும் இருக்கட்டும் என்று விட்டு மற்றதை நீக்கச் சொன்னார்.

அடுத்து ஒரு விதி சொன்னார். ஒவ்வொரு கட்டடத்தின் படத்திலும் சுவரை ஒட்டி ஓர் ஆள் நேராக நிற்க வேண்டும். ஆள் நிற்காத படத்தில் இருப்பது கோழிக்கூடா அரண்மனையா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஆளின் உயரம் தெரிந்தால் அதை வைத்துக் கைக்கு எட்டாத உத்தரம், ஓட்டு முகடு எல்லாவற்றின் உயரத்தையும் படத்திலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். ஆளுக்கு இந்தத் தொழிலில் ஸ்கேல் என்று பெயர். எல்லாப் படத்திலும் ஒரே ஆள் நின்றால்தான் உத்தமம்.

மாணவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவன் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான், ஒருத்தி தூணைக் கட்டிக்கொண்டு சினிமாக்காரி மாதிரி சாய்ந்தாள். மேடம் தலையிலடித்துக்கொண்டு திரும்பியபோது வேனில் கால் நீட்டிப் படுத்திருந்த பாக்யராஜ் கண்ணில் பட்டான். டிரைவர் சும்மாதானே இருக்கிறார், அவரே நிற்கட்டும் என்றார்.

அர்ச்சனா பேனாவோடு வந்து, "அண்ணா, உங்க ஹைட் எவ்ளோ?" என்று கேட்டாள்.

தப்பித்துக்கொள்ள அங்கே அவனுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. ஆனால் இரண்டு மாதமாக ஐந்து ஏழு, ஐந்து ஏழு என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே அது பழகிப்போயிருந்தது. நூற்றியெழுபது சென்டிமீட்டர் என்றான். அர்ச்சனா எழுதிக்கொண்டாள். மேடம் தலையாட்டினார். இவர்கள் கையில் இரும்பு டேப் இருந்தது, சுவரில் சிவப்புப் புள்ளி அடித்துத் தூரம் சொல்கிற லேசர் கருவி இருந்தது, மட்டம் பார்க்கிற குழாய் இருந்தது. படியை அளந்தார்கள், ஜன்னல் கம்பியை அளந்தார்கள், செங்கல்லின் கனத்தைக்கூட அளந்தார்கள். அளவுகோலாக நின்றவனை மட்டும் வாய் வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். படித்தவர்களுக்கே வரக்கூடிய மறதி இது.

பாக்யராஜுக்கோ தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வேன் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டான். பாகூர் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நின்றான், குடோன் கதவருகே நின்றான், மதகின் மேல் நின்றான். இந்த மாதிரி யாரும் அவனை ஒரு நாளில் இத்தனை படம் எடுத்ததில்லை. ஒவ்வொன்றின் கீழும் 'ஸ்கேல்: பாக்யராஜ், 170' என்று அர்ச்சனா எழுதியிருந்தாள். உபதேசியார் வாயால் சொன்னதைக் காலேஜே எழுதிக் கொடுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. நாசமாய்ப்போகிறவனுக்கு யோசனை எப்போதும் பிரமாதமாகத்தான் தோன்றும். ஆல்பத்தின் லிங்கை எடுத்து ரோஸ்லினுக்கு அனுப்பிவிட்டான்.

அவள் அன்று சாயங்காலமே ஆல்பத்துக்குள் வந்துவிட்டாள். பள்ளிக்கூடப் படத்தின் கீழே, சட்டை நல்லா இருக்கு என்று எழுதினாள். குடோன் படத்தின் கீழே, கதவு ரொம்பப் பெரிசு போல இருக்கே என்று எழுதினாள். ஆமாம், அந்தக் காலத்துக் கதவு என்று பாக்யராஜ் பதில் போட்டான். மறுநாள் வேறொரு வீட்டின் படத்துக்கு, அந்த ஊரில் ஜன்னல்கூட இவ்வளவு உயரமா என்று கேட்டாள். காற்று வரணும் இல்லையா என்று எழுதினான். சொந்த சாமர்த்தியத்தில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வினை அன்று மத்தியானச் சாப்பாட்டில் வந்தது. அர்ச்சனா ஒரு கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே மறு கையால் மடிக்கணினியில் படத்தைப் பெரிதாக்கி அவன் உச்சந்தலைக்கும் பாதத்துக்கும் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டான். இந்தக் கோடு நூற்றியெழுபது என்றால் இந்த உத்தரம் இவ்வளவு என்று அவள் விளக்கினாள். பாக்யராஜுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் நினைத்திருந்தது, படம் அழகாக இருக்கத்தான் ஆளை நிறுத்துகிறார்கள் என்று. தன்னுடைய ஐந்து அங்குலப் பொய்யின் மேல் பாகூர்ப் பள்ளிக்கூடம், குடோன், மதகு எல்லாம் ஏறி நிற்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவன் மறுநாள் நிச்சயதார்த்த ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தான். முழுதாக நூற்றியெழுபது வராவிட்டாலும் பாதிப் பாவமாவது கழியுமே என்ற கணக்கு.

அன்று பண்டசோழநல்லூரில் தையலம்மாள் என்பவரின் ஓட்டு வீடு. கரும்பு விவசாயம், நல்ல வசதி, நாலு கட்டு. வெளிச்சுவரை ஒட்டி பாக்யராஜ் ஷூவோடு நின்றான். அரிகரன் எடுத்தான். அடுத்தது உள்கூடம். பாக்யராஜ் படியில் காலை வைத்ததும் தையலம்மாள் உள்ளேயிருந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஷூவ வெளிய கழட்டிட்டு ஏறுப்பா. இப்பதான் வூடு கழுவி வுட்டேன்."

கழற்றினான். கூடத்தில் அதே சுவரின் உள்பக்கம் வெறுங்காலோடு நின்றான். படத்துக்கு முகத்தைச் சிரித்த மாதிரி வைத்திருந்தாலும் உள்ளே அவனுக்கு வேறொரு கவலை ஓடியது. ரோஸ்லின் வீட்டிலும் வாசலில் செருப்பைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? நிச்சயதார்த்தத்துக்கு என்று ஆசையாசையாக ஷூ வாங்கிய மனுஷன் இதை யோசிக்கவே இல்லை. தலையைத் தூக்கி வாருவதைத் தவிர இப்போது அவனிடம் வேறு ஆயுதம் இல்லை.

சாயங்காலம் மண்டபத்தில் ரகளை. தையலம்மாள் வீட்டுச் சுவர் வெளியிலிருந்து பார்த்தால் ஓர் உயரம், உள்ளே வந்து பார்த்தால் அரைச் சாண் வளர்ந்திருந்தது. ஒரே சுவர். ஒரே நாள். மேடம் சந்தேகப்பட்டு, பாகூர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆளனுப்பி ஒரு தூணை டேப்பால் அளக்கச் சொன்னார். நிஜத்தில் மூன்று மீட்டர் இருந்த தூண் ஆல்பத்தில் அதைவிடக் கால் மீட்டர் நீண்டிருந்தது. இருபது பேரும் அரிகரனைப் பார்த்தார்கள். ஆள் நிற்கிற படமெல்லாம் அவன் கேமராவில் எடுத்தவை. லென்ஸ் படத்தை இழுக்கிறது, இரவல் கேமராவைச் சோதித்துப் பார்க்காமல் கொண்டுவந்தது யார் தப்பு என்று மேடம் எல்லோர் முன்னாலும் கேட்டார். அரிகரன் கேமராவைப் பைக்குள் வைத்து மூடினான். காதுமடல் சிவந்துபோனது.

அர்ச்சனாவுக்கு மட்டும் வேறொரு எண்ணம் ஓடியது. வேனைத் துடைத்துக்கொண்டிருந்த பாக்யராஜிடம் வந்து, எதற்கும் ஒரு தடவை டேப்பில் நின்றுவிடுங்களேன் அண்ணா என்றாள். கையில் டேப் பளபளவென்று நீண்டிருந்தது. பாக்யராஜின் மூளை இந்த மாதிரி நேரத்தில் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

"கல்யாணம் பேசின மாப்ளைய டேப் வெச்சு அளக்கக்கூடாதும்மா. எங்க பக்கம் ஆள அளக்கறதுன்னா அது சவப்பொட்டிக்குத்தான்."

அர்ச்சனா டேப்பைச் சரேலென்று சுருட்டிக்கொண்டாள். கண்ணில் ஒரு மரியாதை வந்துவிட்டது. தப்பித்தோம் என்று இவன் மூச்சுவிட்டான். ஆனால் படிக்க வந்த பிள்ளைகளிடம் ஒரு வழக்கத்தைச் சொன்னால் அவர்கள் சும்மா இருப்பார்களா? அரை மணி நேரத்தில் ஆல்பத்தில் பாக்யராஜின் படம் ஒன்று தனியாக ஏறியது. அதன் கீழே, இந்த வட்டாரத்தில் மணம் பேசப்பட்ட ஆணை அளவுநாடாவால் அளப்பதில்லை, அது மரணத்தோடு தொடர்புள்ள செயலாகக் கருதப்படுகிறது என்று அர்ச்சனா அழகாக எழுதியிருந்தாள். மேடம் பூரித்துப்போனார். தன்னுடைய அடுத்த கட்டுரையில் இதைச் சேர்க்கப்போவதாகச் சொன்னார். மாணவர்கள் தங்கள் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். பரோட்டாவுக்கு விழாத லைக்கெல்லாம் இதற்கு விழுந்தது.

ரோஸ்லினும் பார்த்தாள். இது எந்த ஊர் வழக்கம், எங்கள் ஊரில் கேள்விப்பட்டதில்லையே என்று எல்லோரும் பார்க்க எழுதினாள். அதைத் தொடர்ந்து உபதேசியார் போன் செய்தார். பொண்ணு வூட்டில் கேட்கிறார்கள், இப்படி ஒரு மூடநம்பிக்கையைக் கோயில்காரர்கள் நாம் எப்போது பிடித்தோம், கல்யாண கோட்டுக்குத் தையற்காரன் உன்னை எப்படி அளப்பான் என்று கேட்டார். பாக்யராஜ் சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அன்று ரோஸ்லினுடன் பேசாமலேயே படுத்தான். இப்போது அவனிடம் இரண்டு பொய் இருந்தது. ஒன்றுக்கொன்று துணை.

மறுநாள் கடைசி நாள். காலையில் மேடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். படங்களை நம்ப முடியாது. மற்றவர்கள் ஓய்வெடுக்கட்டும், அரிகரன் இன்னொருவர் கேமராவை வாங்கிக்கொண்டு முதல் நாளிலிருந்து எடுத்த எல்லாக் கட்டடத்தையும் திரும்ப எடுக்க வேண்டும். இன்று ஒரே நாளில் முடியாவிட்டால் அவனுக்கு இந்தப் பயணத்துக்கு மார்க் கிடையாது. முடியாது என்பது மேடத்துக்கும் தெரியும், அரிகரனுக்கும் தெரியும், வேன் ஓட்டுகிற பாக்யராஜுக்கு எல்லோரையும்விட நன்றாகவே தெரியும்.

மண்டபத்துப் படியில் அரிகரன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வைத்த இட்லி காய்ந்துகொண்டிருந்தது. தான் எடுத்த படங்களையெல்லாம் ஆல்பத்திலிருந்து அழிப்பதற்காக மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். முந்நூற்றுச் சொச்சம். சாப்பிடச் சொல்ல வந்த பாக்யராஜ் எட்டிப் பார்த்தான். திரை முழுக்க அவனே நின்றான், சின்னச் சின்னதாக, தலை வாரிக்கொண்டு, எல்லாக் கட்டத்திலும் இளித்துக்கொண்டு. ஒவ்வொரு பாக்யராஜின் மேலும் ஒரு நீல டிக் விழுந்தது.

சித்தப்பாவிடம் கேமராவை விற்றுவிடச் சொல்லிவிடுவேன் அண்ணா, லென்ஸில் என்ன கோளாறு என்றே தெரியவில்லை, ராத்திரி பூரா துடைத்துப் பார்த்தேன் என்று அவன் தலை நிமிராமல் சொன்னான். பாக்யராஜுக்கு ரோஸ்லினின் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. போனால் போகட்டும் என்று நினைக்கிற அளவுக்கு அவன் தைரியசாலி இல்லை. போகக்கூடாதே, கர்த்தரே, போகக்கூடாதே என்றுதான் நினைத்தான். நினைத்துக்கொண்டே கையை நீட்டி மடிக்கணினியை மூடினான்.

"வுடு தம்பி. கேமராவுல ஒன்னும் இல்ல. கோளாறு எங்கிட்டதான்."

அர்ச்சனாவைக் கூப்பிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துச் சுவரில் குதிகாலை ஒட்டி நின்றான். முடியைக் கையால் படிய அழுத்திவிட்டான். டேப்பைக் கொண்டுவா என்றான். அவள் தயங்கினாள், சவப்பெட்டி என்று ஆரம்பித்தாள். அதுவும் பொய்தான்மா என்றான். ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள், மேடமும் வந்தார். அர்ச்சனா அவன் தலைமேல் ஒரு நோட்டை மட்டமாக வைத்து, டேப்பை இழுத்துப் பார்த்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் நூற்றி ஐம்பத்தெட்டு என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல் என்றான் பாக்யராஜ்.

கணக்குப் பார்த்தார்கள். நூற்றியெழுபதை எடுத்துவிட்டு நூற்றி ஐம்பத்தெட்டைப் போட்டதும் பள்ளிக்கூடத் தூண் சமர்த்தாக மூன்று மீட்டருக்கு இறங்கி வந்தது. குடோன் கதவு சின்னதாயிற்று. தையலம்மாள் வீட்டின் வெளிச்சுவருக்கு மட்டும் ஷூவையும் போட்டு அளந்து அதற்கென்று தனிக் கணக்கு எழுதினார்கள். மேடம் டேப்பை வாங்கித் தானே ஒரு தடவை பார்த்தார். பிறகு அரிகரனிடம் போய், எல்லோர் முன்னாலும் திட்டியதால் எல்லோர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டார். அரிகரன் காய்ந்த இட்லியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். பாக்யராஜை மேடம் திட்டவில்லை. அந்த வழக்கத்தைக் கட்டுரையிலிருந்து எடுக்க வேண்டியிருப்பதில்தான் அவருக்கு வருத்தம்.

ஆல்பத்தைத் திருத்த வேண்டும். அர்ச்சனா விரலை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"அண்ணா, அவங்களும் இத பாப்பாங்களே."

"பாக்கட்டும். போடு."

போட்டாள். அந்த ஆல்பத்தில் ஒரு கெட்ட குணம் இருந்தது. எதைத் திருத்தினாலும் உள்ளே இருக்கிற எல்லோருடைய போனிலும் மணி அடிக்கும். பாக்யராஜின் சட்டைப்பையில் அடிக்க ஆரம்பித்தது. ஸ்கேல்: பாக்யராஜ், 158. ஸ்கேல்: பாக்யராஜ், 158. உபதேசியாரிடம் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே ஒரு தடவை கூசியிருப்பான். இப்போது முந்நூறு தடவை கூச வேண்டியிருந்தது. வில்லியனூரில் ஸ்கேன் சென்டர் மேஜையிலும் இதே மணி இதே நேரத்தில் அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்க நினைக்க அவன் சட்டைப்பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மணி ஓய்ந்தபிறகு போனை எடுத்துப் பார்த்தான். ரோஸ்லினிடமிருந்து ஒன்றும் இல்லை. மத்தியானமும் ஒன்றும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தான், எடுக்கவில்லை.

சாயங்காலம் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பாண்டி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினான். நாலு நாளாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த வேன் இன்று மரியாதையாக வந்தது. பிள்ளைகளுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. யாரோ பின்னாலிருந்து ஒரு கடலை மிட்டாயை ஆறுதலாக முன்னால் அனுப்பினார்கள். அவன் வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டான்.

அப்போது இருபது போனும் ஒன்றாக மணியடித்தன. ஆல்பத்தில் யாரோ புதிதாக ஒரு படம் சேர்த்திருக்கிறார்கள் என்றாள் அர்ச்சனா. மேடம் வாங்கிப் பார்த்தார். ஒரு வீட்டு வாசல். நீலப் பெயிண்ட் அடித்த மரநிலை, மேலே சின்னதாக ஒரு சிலுவை, நிலையின் மேல்சட்டம் நடுவில் மட்டும் பெயிண்ட் போய்த் தேய்ந்திருந்தது. இது நாம் போன இடமே இல்லையே, ஸ்கேலுக்கு ஆளும் இல்லையே என்று மேடம் தொழில்முறையில் எரிச்சல்பட்டார். அவர் சொல்லி முடிக்கவில்லை, பாக்யராஜின் போன் அடித்தது. ரோஸ்லின். வேனை ஓரங்கட்டினான். பின்னாலிருந்து இருபது தலையும் முன்னால் நீண்டன.

போட்டோ பார்த்தீர்களா என்று அவள் கேட்டாள். பார்த்தேன் என்றான்.

"எங்க வூட்டு வாசப்படிதான் அது. எங்கப்பா, எங்க அண்ணனுங்க ரெண்டு பேரு, வர்ற போற சொந்தக்காரங்க, எல்லாரும் குனிஞ்சுதான் உள்ள வரணும். மறந்தவன் நெத்தில புடைப்போட போவான். நீங்க ஒருத்தர்தான் நிமிந்து வரலாம்."

பாக்யராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டான்.

"வாங்க. ஆனா இன்னொரு பொய் சொன்னீங்கன்னு வெச்சுக்கோங்க, அதே வாசப்படில நிமிந்த மேனிக்கே வெளிய போயிடலாம்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.